மூன்று சில்லு வண்டியை என்னவென்று அழைப்பது?

முச்சக்கர வண்டி மோட்டார் சைக்கிள் இனத்தைச் சேர்ந்ததா, மோட்டார் கார் இனத்தைச் சேர்ந்ததா? வேலை வெட்டி இல்லாதவர்கள் தேநீர்க் கடையில் விவாதிக்க வேண்டிய விடயம் என்று சிலர் நினைக்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் வரிசையில் நின்றவர்கள் எவரும் இனி அப்படி நினைக்கமாட்டார்கள்.

அந்த ஆண்டு கியூஆர் முறை நடைமுறைக்கு வந்தபோது, வாரமொன்றுக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று பங்கீடு செய்யப்பட்டது. லீற்றருக்கு 25 கிலோமீற்றர் என்று கணக்கிட்டாலும் 5 லீற்றரில் 125 கிலோமீற்றர்தான் ஓடலாம். வாடகைக்கு ஓடி வயிறு வளர்க்கும் ஒருவருக்கு இது இரண்டு நாட்களுக்குக்கூடப் போதாது. பின்னர் இந்த அளவு கூட்டப்பட்டது என்பது உண்மை. ஆனால் முதல் பட்டியலைத் தயாரித்தவர்களின் மனதில் முச்சக்கர வண்டி என்பது சற்றுப் பெரிய மோட்டார் சைக்கிளாகவே இருந்திருக்கிறது என்பதை அந்த ஒரு லீற்றர் வித்தியாசம் காட்டிக்கொடுத்துவிட்டது.

பிறப்பை வைத்துப் பார்த்தால் அவர்கள் நினைத்தது தவறில்லை. இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1946இல் வெஸ்பா ஸ்கூட்டரை வெளியிட்டது. வெஸ்பா என்றால் குளவி. இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1948இல், அதே ஸ்கூட்டரின் முன்பாதியை வைத்துக்கொண்டு, பின்பாதியில் இரண்டு சில்லுகளையும் ஒரு சுமைத்தட்டையும் பூட்டி ஆப்பே என்ற வண்டியை உருவாக்கினார்கள். ஆப்பே என்றால் தேனீ. போரில் நொடிந்துபோன இத்தாலியில் லொறி வாங்க வசதியற்ற சிறு வியாபாரிகளுக்காகப் பிறந்த வண்டி அது. இந்தியாவில் பியாஜியோவின் அனுமதியுடன் ஸ்கூட்டர் செய்த பஜாஜ் நிறுவனத்தின் வழியாக அதன் பரம்பரை எங்கள் வீதிகளுக்கும் வந்து சேர்ந்தது. இன்றும் சாரதி பிடிப்பது சுக்கானை அல்ல, கைப்பிடியைத்தான். வேகத்தைக் கூட்டுவது வலது கையைத் திருகி. இது ஸ்கூட்டரின் பிள்ளை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சட்டமோ நாட்டுக்கு நாடு வேறொன்றைச் சொல்கிறது. வீதிப் போக்குவரத்து பற்றிய 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, மோட்டார் சைக்கிள் என்பது இரண்டு சில்லு வண்டி என்று வரையறுத்துவிட்டு, 400 கிலோவுக்கு மேற்படாத மூன்று சில்லு வண்டிகளையும் விரும்பிய நாடுகள் அந்த வகைக்குள் சேர்த்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் விதியில், இருக்கையோ சேணமோ கொண்டு மூன்றுக்கு மேற்படாத சில்லுகளில் ஓடுவது மோட்டார் சைக்கிள். பிரித்தானியாவில் ரிலையன்ற் ரொபின் என்ற மூன்று சில்லுக் கார் ஒன்று இருந்தது. கூரை, கதவு, சுக்கான் எல்லாம் இருந்தும், எடை குறைவு என்பதால் மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் உள்ளவர்களே அதனை ஓட்டலாம் என்று விட்டிருந்தார்கள்.

ஐரோப்பிய விதி இன்னும் சுவாரசியமானது. ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சில்லுகளுக்கு இடையிலான தூரம் 46 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் அவை ஒரே சில்லாகவே எண்ணப்படும். பரிசில் வாழும் எங்கள் மக்கள், முன்பக்கம் இரண்டு சில்லுகளுடன் ஓடும் பியாஜியோ எம்பி3 ஸ்கூட்டர்களைத் தினமும் கண்டிருப்பார்கள். 2006இல் வெளிவந்த இந்த வண்டியின் முன்சில்லுகளைச் சற்று அகற்றிவைத்து இன்னொரு மாதிரியையும் செய்தார்கள். அந்தச் சில அங்குல வித்தியாசத்தினால் அது மோட்டார் சைக்கிள் என்ற வகையிலிருந்து நழுவி, கார் அனுமதிப்பத்திரத்துடன் ஓட்டக்கூடிய வண்டியாகிவிட்டது. ஆக, ஒரு வண்டி என்ன இனம் என்பது இயற்கையின் தீர்ப்பல்ல, அளவுகோலை வைத்திருப்பவரின் தீர்ப்பு.

தமிழில் எங்களிடம் நல்ல சொல் ஒன்று உண்டு. உந்துருளி. உந்தப்பட்டு உருள்வது. எத்தனை சில்லு என்று அந்தச் சொல் கேட்பதில்லை. ஆனால் நாங்களோ அதனை இரண்டு சில்லுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டோம். யாழ்ப்பாணத்தில் ஓட்டோ, கொழும்பில் திரீவீலர், பத்திரிகையில் மட்டும் முச்சக்கர வண்டி. செய்தி மேசையில் இருந்த காலத்தில் இந்தப் பெயர்களை மாற்றி மாற்றித் திருத்தியவன் நான். அப்போது பெயரைத் திருத்தினேனே தவிர, பெயரால் என்ன நடக்கிறது என்று யோசிக்கவில்லை.

என்ன நடக்கிறது? இலங்கையில் மோட்டார் சைக்கிளுக்கு ‘ஏ’ வகை அனுமதிப்பத்திரம், முச்சக்கர வண்டிக்கு ‘பி1’. அனுமதிப்பத்திரம் வேறு; எனவே இது மோட்டார் சைக்கிள் அல்ல. அதிவேக நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கும் அனுமதியில்லை, முச்சக்கர வண்டிக்கும் அனுமதியில்லை. அங்கே இது காரல்ல. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குத் தலைக்கவசம் கட்டாயம். காரின் முன்னாசனத்தில் இருப்பவருக்கு ஆசனப்பட்டி கட்டாயம். முச்சக்கர வண்டியில் போகிறவருக்கோ இரண்டும் இல்லை. மோட்டார் சைக்கிளும் அல்ல, காரும் அல்ல என்ற இடைவெளியில் விழுந்தது வண்டி அல்ல, அதனுள்ளே இருக்கும் மனிதர்கள். பதினொரு இலட்சத்துக்கும் அதிகமான முச்சக்கர வண்டிகள் பதிவாகியிருக்கும் நாட்டில் இது சின்ன இடைவெளி அல்ல.

இந்தப் பின்னணியில்தான் மேலதிகப் பாகங்கள் பற்றிய பிரச்சினையைப் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டம் தொடங்கியதோடு, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் அனுமதியின்றிப் பூட்டப்பட்ட மேலதிகப் பாகங்களையும் அலங்காரங்களையும் அகற்றும் நடவடிக்கையில் பொலிஸார் இறங்கினர். சாரதிகளின் சங்கங்கள் கொதித்தெழுந்தன. பின்னர் அவகாசம் வழங்கப்பட்டது. அந்த நாட்களில் எழுந்த வாதங்களில் இரண்டு பக்கத்தாரும் பாதி உண்மையையே பேசினார்கள் என்பது என் கருத்து.

பொலிஸார் தரப்பில் நியாயம் இருக்கிறது. எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும் வெள்ளை விளக்கு, பிறேக் விளக்கு எதுவென்று தெரியாதபடி பின்னால் மினுங்கும் வர்ண விளக்குகள், காதைக் கிழிக்கும் ஹோர்ன், கண்ணாடியை மறைக்கும் ஸ்ரிக்கர் ஆகியவற்றை எவரும் ஆதரிக்க முடியாது. இவற்றைவிடவும் ஆபத்தானது, ஆனால் எவர் கண்ணுக்கும் படாதது, பாரம். ஒற்றை முன்சில்லு வண்டியை ஒரு முக்காலியாக எண்ணிப் பாருங்கள். வளைவில் திரும்பிக்கொண்டே பிறேக் பிடித்தால் பாரம் முழுவதும் முன்னோக்கியும் பக்கவாட்டிலும் சாய்கிறது. அந்த மூலையில் தாங்குவதற்குச் சில்லு இல்லை. கூரைமேல் கரியர் பூட்டி மூட்டை ஏற்றினால் பாரம் இன்னும் மேலே போய், கவிழ்வது இன்னும் எளிதாகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் செய்யப்படும் கேன்-ஆம் ஸ்பைடர் போன்ற வண்டிகள் இரண்டு சில்லுகளை முன்னால் வைத்திருப்பதன் காரணமும் இதுதான். எனவே கூரைக் கரியரைப் பற்றிக் கேட்பதற்குப் பொலிஸாருக்கு உரிமை உண்டு.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதுதான் தவறு. நான் அடிக்கடி போகும் ஓட்டோ ஒன்று இருக்கிறது. அதன் சாரதி நடுத்தர வயதுக்காரர். லீசிங் பணம் கட்டி முடிக்க இரவும் பகலும் ஓடியவர். வண்டியின் வலப்பக்கத்தில் ஒரு கம்பி பூட்டியிருக்கிறார். வீதியின் நடுப்பக்கமாக எவரும், குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகள், இறங்கிவிடக்கூடாது என்பதற்காக. மழைக்கு ரெக்சின் திரை. பின்னாசனத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. முன்னால் ஒரு சாமிப்படம், அதற்கு ஒரு சின்னஞ்சிறு விளக்கு. “ஐயா, இதில எதைக் கழற்றச் சொல்லுவினம்?” என்று அவர் என்னிடம் கேட்டார். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இல்லாத எதுவும் கூடாது என்று விதியை வாசித்தால், பிள்ளைகளைக் காக்கும் அந்தக் கம்பியும் மேலதிகப் பாகம்தான். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பாகம் ஒன்று மேலதிகமானதா அவசியமானதா என்பது யார் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. மோட்டார் சைக்கிளோடு பக்கப்பெட்டி ஒன்றைப் பூட்டினால் மூன்றாவது சில்லு வந்துவிடுகிறது. ஆயினும் வியன்னா உடன்படிக்கை அதனை மோட்டார் சைக்கிள் என்றே ஏற்றுக்கொள்கிறது. அங்கே மூன்றாவது சில்லே ஒரு மேலதிகப் பாகம். எங்கள் வடக்கிலும் கிழக்கிலும், ஸ்கூட்டரின் பின்சில்லுக்கு இருபுறமும் இரண்டு சிறு சில்லுகளைப் பூட்டிக்கொண்டு போகிறவர்களைக் காணலாம். போரில் காலை இழந்தவர்கள் பலர் அவர்களுள் இருக்கிறார்கள். கராஜில் ஒட்டப்பட்ட அந்தச் சில்லுகள் அவர்களுக்கு அலங்காரமா? அவைதான் அவர்களின் கால்கள். அவற்றினால்தான் அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறார்கள்.

மற்ற நாடுகள் இதனைச் சிந்தித்திருக்கின்றன. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் உடற்குறைபாடு உள்ளவர்களின் வண்டியைத் தனி வகையாகவே எடுத்துக் கூறியது. பிரித்தானியாவில் 2013 ஜனவரியில் விதிகள் இறுக்கப்பட்டபோது, பழகுநர் அனுமதிப்பத்திரத்தில் மூன்று சில்லு மோட்டார் வண்டி ஓட்டும் உரிமை மற்றவர்களுக்கு நிறுத்தப்பட்டு, உடற்குறைபாடு உள்ளவர்களுக்கு விட்டுவைக்கப்பட்டது. வண்டியை மட்டும் பார்க்காமல் அதில் இருப்பவரையும் பார்த்த விதி அது.

எனவே, இது மோட்டார் சைக்கிளா இல்லையா என்ற கேள்விக்கு என் பதில்: பிறப்பால் மோட்டார் சைக்கிள், தொழிலால் வாடகைக் கார். இரண்டு பெயரில் எதைச் சூட்டினாலும் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பெயரைச் சூட்டுகிறவர்கள் அந்தப் பெயரோடு வரும் கடமையையும் ஏற்க வேண்டும். தடை விதிக்கும்போது மட்டும் மோட்டார் சைக்கிள், ஒழுங்கு கேட்கும்போது மட்டும் பொதுப் போக்குவரத்து வாகனம், பாதுகாப்பு என்று வரும்போது இரண்டும் அல்ல என்பது நேர்மையான நிர்வாகமாகாது.

மேலதிகப் பாகங்களுக்கும் ஒரே ஒரு சோதனை போதும். இது வீதியில் போகிற எவருக்கேனும் ஆபத்தா? ஆபத்து என்றால் கழற்றுங்கள், அதற்குத் தவணை எதற்கு? இல்லையென்றால் விட்டுவிடுங்கள். சாமிப்படமும் நடிகர் படமும் எவரையும் கொன்றதில்லை. பாதுகாப்புத் தருவது என்றால், வலப்பக்கக் கம்பியைப் போல, அனுமதிப்பது மட்டும் போதாது. எல்லா வண்டிகளுக்கும் அதனைக் கட்டாயமாக்குங்கள். பின்னாசனத்தில் பட்டி பூட்ட முடியுமா என்று பொறியியலாளர்களைக் கேளுங்கள். கால் இழந்தவரின் பக்கச்சில்லுகளை, வீதியோரத்தில் ஒரு கொன்ஸ்தாபிளின் தயவில் விடாமல், பரிசோதித்துப் பதிவு செய்யுங்கள்.

கழற்ற வேண்டியவற்றின் பட்டியலை அதிகாரிகள் எழுதியாகிவிட்டது. பூட்ட வேண்டியவற்றின் பட்டியலை இன்னும் எவரும் எழுதவில்லை. சென்ற வாரம் அந்தச் சாரதியின் வண்டியில் ஏறினேன். கம்பி இன்னும் இருக்கிறது. “கேட்டால் கழற்றுவம், அதுவரைக்கும் இருக்கட்டும்” என்றார். பிள்ளைகளைக் காக்கிற ஒரு கம்பி அவ்வளவு பயத்தோடு இருக்கவேண்டியதில்லை.