காற்றுக்கும் உண்டு கணக்கு

அதிகாலையில் கோயம்பேட்டுக்கும் மாட்டுத்தாவணிக்கும் இரு சக்கர வண்டியில் கொள்முதலுக்குச் செல்லும் வணிகப் பெருமக்கள் ஏராளம். மார்கழிப் பனிக்காற்றுக்கு அஞ்சி, வண்டியில் தனியாக விண்ட்ஷீல்டு வாங்கிப் பொருத்துவது நியாயமே. வேகம் 30 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால், காற்றின் தாக்கம் இரு மடங்கல்ல, நான்கு மடங்காகும்.

ஆனால், 'பெரிதாக இருந்தால் நல்லது' என்று வாங்குவது தவறு. பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்கும் நாம், இதை மட்டும் பளபளப்பைப் பார்த்து வாங்கலாமா?

நிமிர்ந்து உட்கார்ந்தால் அதன் மேல் விளிம்பு மூக்கு மட்டத்தில் நிற்க வேண்டும். பார்வை அதற்கு மேலாகச் செல்ல வேண்டும், ஊடாக அல்ல. மழைநீரைத் துடைக்க அதில் வைப்பர் கிடையாது. இரவில் எதிர்வண்டியின் வெளிச்சம் கீறல்களில் சிதறிக் கண் கூசும்.

அக்ரிலிக் அடிபட்டால் கூரிய சில்லுகளாக உடையும். பாலிகார்பனேட் எளிதில் உடையாது. ஆனால் கீறல் விழும். பெட்ரோலால் துடைத்தால் பாழாகும்; சோப்பு நீரே போதும். பொருத்தியதும் ஹேண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பி, ஒயரிலோ முன்னால் வைக்கும் மூட்டையிலோ இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உதிரிபாக வணிகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: என்ன பிளாஸ்டிக் என்பதைச் சொல்லி, வாடிக்கையாளரை வண்டியில் உட்காரவைத்து, உயரம் பார்த்துக் கொடுங்கள். நாணயமான வணிகத்துக்கு அதுவே அழகு.

விண்ட்ஷீல்டு இருக்கிறதென்று ஹெல்மெட்டை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். கடையின் முதல் மூலதனம் கடைக்காரரின் உயிரே!