வழக்கில்லை, வடு மட்டும் எதற்கு?

குற்றவாளியென எண்பிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் சுத்தவாளியே என்பது இந்நாட்டு அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை. ஏட்டில் உள்ள இந்த நீதி, பொலிஸ் நிலையத்துக் கோவையில் உண்டா என்று நாம் கேட்கிறோம்.

1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், அமைச்சரின் கட்டளையொன்றினால் ஒருவரை மும்மூன்று மாதங்களாகப் பதினெட்டு மாதம் வரை தடுத்துவைக்க இடமளித்தது. 2022 இல் வந்த திருத்தம் அதனைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது. இச்சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்ட எமது இளைஞர்களுள், குற்றப்பத்திரிகையொன்றைக் கண்ணாலும் காணாது விடுதலையானோர் பலர். "வழக்கில்லை, போகலாம்" என்றார்கள். ஆள் போனான்; கோவை போகவில்லை. விரலடையாளமும் நிழற்படமும் வாக்குமூலமும் அங்கேயே தங்கிவிட்டன. பிடிப்பதற்கு இத்துணை விரிவாக வழிவகுத்த சட்டம், அப்பதிவை அழிப்பதற்கு ஒரு வரியேனும் எழுதவில்லை.

விளைவு என்ன? உத்தியோகத்துக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் பொலிஸ் நற்சான்று கேட்கப்படும்போது அவன் நெஞ்சு நடுங்குகிறது. ஊரில் எங்கோ ஒரு சந்தடி எழுந்தால், வயலில் நிற்கும் கமக்காரனாயினும் விசாரணைக்கு முதலில் அழைக்கப்படுவோம் என்று அஞ்சுகிறான். மன்று தீர்ப்பளிக்கவில்லை, தண்டனை மட்டும் தொடர்கிறது.

"உயர் நீதிமன்றம் இருக்கிறதே" என்பார் சிலர். அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது 126 ஆம் உறுப்புரை. கைதின் வடுவோ பத்தாண்டு கழித்தும் தலைகாட்டுகிறது. ஒரு மாத மருந்து இந்த நோய்க்கு எட்டுமா?

"பொதுமக்களின் பாதுகாப்புக்குப் பதிவுகள் வேண்டும்" என்பது அடுத்த வாதம். குற்றத் தீர்ப்புப் பெற்றோரின் பதிவை வைத்திருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், குற்றவாளியெனத் தீர்க்கப்படாதோரின் விரலடையாளத்தையும் மரபணுத் தடயத்தையும் காலவரையின்றி வைத்திருந்த பிரித்தானியாவின் செயல் உரிமை மீறலென ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2008 இல் தீர்த்தது. பிரித்தானியா 2012 இல் தன் சட்டத்தை மாற்றியது. எழுபத்தைந்து ஆண்டு பதிவு வைக்க 2022 இல் சட்டமியற்றிய இந்தியாவும், முன்னர் தண்டனை பெறாத ஒருவர் வழக்கின்றி விடுதலையானால், மன்று காரணம் எழுதித் தடுத்தாலன்றி, அவர் பதிவு அழிக்கப்படல் வேண்டுமென விதித்தது. அந்நாடுகளின் பாதுகாப்பு இதனால் சிதைந்துவிட்டதா?

நாம் கேட்பது சலுகையன்று. குற்றஞ்சாட்டாது விடுவிக்கப்பட்டவரின் பதிவு, அவர் மனுப்போட்டு அலையாமலே, குறித்த காலத்துள் அழிக்கப்படல் வேண்டும். அழித்தமைக்கான எழுத்து அவர் கையில் தரப்படல் வேண்டும். வைத்திருக்கத்தான் வேண்டுமெனில், அரசு நீதவான் முன் வந்து காரணம் காட்டட்டும். எண்பிக்கும் பாரம் அரசுக்கே உரியது.

சட்டம் கற்றோர் இதற்கான வரைவை எழுதட்டும். கமக்காரர் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றட்டும். எமது வாக்கைப் பெற்றுப் பாராளுமன்றம் சென்றோர் அதனை அங்கே கொண்டு செல்லட்டும். கோவை மூடப்படும் நாளே விடுதலை நிறைவேறும் நாள்.