புதிய மடிக்கணினிகளில் திணிக்கப்படும் மென்பொருள்கள் தொடர்பான கோரிக்கை மனு

பெறுநர்: தவிசாளர், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, கொழும்பு.

பிரதிகள்: மாவட்டச் செயலாளர், யாழ்ப்பாணம், பிரதேச செயலாளர், ஊர்காவற்றுறை, வலயக் கல்விப் பணிப்பாளர், தீவகக் கல்வி வலயம்.

சமர்ப்பிப்போர்: புளியங்கூடல் கிராமத்தின் மாணவர் பெற்றோரும் கணினிப் பயனாளரும் அடங்கிய சங்கம்.

பொருள்: வாங்குபவருக்கு முன்கூட்டி அறிவிக்காமலும் அவரது சம்மதத்தைப் பெறாமலும் மடிக்கணினிகளில் ஏற்றப்படும் மென்பொருள்களை ஒழுங்குபடுத்தப் பணிப்பு விடுக்குமாறு கோரல்.

புதிய மடிக்கணினியொன்று முதன்முறை இயக்கப்படும்போதே, அதன் இயங்குதளத்துடன், அதாவது வன்பொருளைக் கட்டுப்படுத்தி ஏனைய செயலிகளுக்குத் தளமாக அமையும் விண்டோஸ் போன்ற அடிப்படை மென்பொருளுடன், வாங்கியவர் கேட்டிராத வேறு பல மென்பொருள்களும் அதில் குடியேறியிருப்பது இன்று வழமையாகிவிட்டது. சில வாரங்கள் இலவசமாக இயங்கிப் பின்னர் பணம் கேட்கும் வைரஸ் தடுப்புச் செயலிகள், விளையாட்டுகள், இணையக் கடைகளுக்கு இட்டுச்செல்லும் குறுக்குவழிகள், உற்பத்தி நிறுவனத்தின் பெயரிலேயே பின்னணியில் ஓயாது இயங்கும் உதவிச் செயலிகள் என இவை பலவகைப்படும். திரை, ஒலி, விசைப்பலகை முதலியன இயங்குவதற்கு வேண்டிய இயக்கி மென்பொருள்கள் குறித்து இம்மனுவுக்கு ஆட்சேபம் இல்லை. அவை நீங்கலாக, அகற்றப்பட்டாலும் கணினியின் அடிப்படைச் செயற்பாட்டுக்குக் குறைவு நேராதவை யாவும் இங்கு திணிப்பு மென்பொருள் எனச் சுட்டப்படும்.

ஒரு மடிக்கணினியில் உற்பத்தியாளருக்குக் கிடைக்கும் இலாபம் சொற்பமாகையால், தமது செயலியைப் புதிய கணினிகளில் ஏற்றித் தருமாறு மென்பொருள் நிறுவனங்கள் வழங்கும் பணம் அவருக்குத் துணை வருமானமாகிறது. அவ்வருமானத்தினால் கணினியின் விலை குறைகிறது என்பதே இதற்குக் கூறப்படும் நியாயம். அது உண்மையாயினும், குறைந்த விலையின் மிகுதியை வாங்கியவர் தமது நேரத்தாலும் இணையத் தரவாலும் செலுத்திக்கொண்டிருக்கிறார் என்பதைக் கடையில் எவரும் எடுத்துச் சொல்வதில்லை. 2008 மார்ச்சில் சோனி நிறுவனம் தனது சில மடிக்கணினிகளை இத்தகைய செயலிகள் இன்றித் தருவதற்கு 49.99 டொலர் மேலதிகக் கட்டணம் அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் அக்கட்டணத்தைக் கைவிட்டது. சுத்தமான கணினியை விற்பதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை என்பதற்கு உற்பத்தியாளர் தரப்பிலிருந்தே கிடைத்த சான்று அது.

நகரத்தில் வாழ்பவருக்கு எரிச்சலாக மட்டும் முடியும் இவ்விடயம் தீவகத்தில் செலவாக மாறுகிறது. இங்கு பல வீடுகளில் இணைய இணைப்பு என்பது கைப்பேசியில் ரீலோட் செய்து பெறும் அளவிடப்பட்ட தரவேயாகும். பிள்ளை ஒரு கடந்தகால வினாத்தாளைத் தரவிறக்குவதற்காகக் கைப்பேசியிலிருந்து மடிக்கணினிக்கு இணைப்பைக் கொடுத்தவுடன், அத்தருணத்துக்காகவே காத்திருந்தவை போல, எவரும் பயன்படுத்தாத செயலிகள் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கி, வாங்கிய தரவை உண்டுவிடுகின்றன. விண்டோஸ் 11 இயங்குவதற்கு மைக்ரோசொப்ட் விதித்துள்ள ஆகக் குறைந்த நினைவகம் 4 ஜிகாபைற் ஆகும். வசதி குறைந்த குடும்பங்கள் வாங்கும் மலிவுக் கணினிகளில் அந்த ஆகக் குறைந்த அளவே இருப்பதுண்டு என்பதால், பின்னணியில் நான்கைந்து செயலிகள் சேர்ந்து ஓடும்போது உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்கும் மாணவருக்குப் புதுக்கணினியே பழங்கணினியாகத் தெரிகிறது.

பரீட்சார்த்தக் காலம் முடிந்த வைரஸ் தடுப்புச் செயலியின் நடத்தை தனியே எடுத்துரைக்கத்தக்கது. திரையின் வலது கீழ்மூலையில், கணினி பாதுகாப்பின்றி ஆபத்தில் உள்ளது என்ற ஆங்கில அறிவித்தல் சிவப்பில் தோன்றுகிறது. புதுப்பிப்பதற்கான பொத்தான் பெரிதாகவும், மூடுவதற்கான குறி கண்ணுக்குப் படாத அளவிலும் அமைகின்றன. விண்டோஸ் தன்னுடனேயே டிஃபென்டர் என்னும் பாதுகாப்புச் செயலியை இலவசமாகக் கொண்டுள்ளது. வேறொரு வைரஸ் தடுப்புச் செயலி நிறுவப்பட்டிருக்கும்போது ஒதுங்கியிருக்கும் அது, அந்த மற்றச் செயலி அகற்றப்பட்டதும் தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்கும். இதை அறியாத பெற்றோர் அச்சத்தினால் பணம் செலுத்துகின்றனர், அல்லது கணினியைத் தூக்கிக்கொண்டு வேலணை ஊடாகப் பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாண நகரத்துத் திருத்தகத்துக்குச் செல்கின்றனர். அனலைதீவு, எழுவைதீவு மக்கள் அதற்கு முன் படகேறி ஊர்காவற்றுறைக்கும், நெடுந்தீவு, நயினாதீவு மக்கள் குறிகட்டுவானுக்கும் வந்து சேர வேண்டும்.

செலவைவிடப் பாரதூரமானது பாதுகாப்பு. 2014 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லெனோவோ நிறுவனம் விற்ற மடிக்கணினிகள் பலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்னும் நிறுவனத்தின் விளம்பரச் செயலி ஏற்றப்பட்டிருந்தது. பயனாளர் பார்க்கும் இணையப் பக்கங்களுக்குள் தனது விளம்பரங்களைச் செருகுவதே அதன் தொழில். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் போன்ற பக்கங்கள் மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது இடையில் நிற்பவர் வாசிக்க முடியாதவாறு குறியீடாக மாற்றப்பட்டு வருவதால், அவற்றுக்குள்ளும் நுழைவதற்காக அச்செயலி கணினியில் தனது சொந்த வேர்ச் சான்றிதழொன்றைப் பதித்தது. இணையத்தளமொன்று உண்மையானதா என்பதைக் கணினி தீர்மானிப்பதற்கு நம்பியிருக்கும் அத்தாட்சியே வேர்ச் சான்றிதழாகும். அதை வைத்திருப்பவர் எந்த வங்கியின் பெயரிலும் போலித் தளத்தை மெய்யானதாகக் காட்டலாம். எல்லாக் கணினிகளிலும் ஒரே இரகசியச் சாவி பயன்படுத்தப்பட்டிருந்தது. 2015 பெப்ரவரியில் விடயம் வெளிப்பட்டபோது பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் அச்சாவியின் கடவுச்சொல்லை விரைவிலேயே கண்டுபிடித்தார்: செயலியின் உட்பகுதியைத் தயாரித்துக் கொடுத்த கோமோடியா நிறுவனத்தின் பெயரே கடவுச்சொல்லாக இருந்தது. செயலியை நீக்கிய பின்னரும் சான்றிதழ் கணினியிலேயே தங்கியிருந்தமை, நீக்கம் என்ற பெயரில் பயனாளருக்கு வழங்கப்படுவது எத்துணை அரைகுறையானது என்பதைக் காட்டியது. ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழுவும் 32 மாநிலங்களும் எடுத்த நடவடிக்கை 2017 செப்டெம்பரில் இணக்கத்துக்கு வந்தது. மாநிலங்களுக்கு 35 இலட்சம் டொலர் செலுத்தவும், இத்தகைய செயலிகளை ஏற்றுமுன் பயனாளரின் வெளிப்படையான சம்மதத்தைப் பெறவும், 20 ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திட்டமொன்றைப் பேணி வெளிக் கணக்காய்வுக்கு உட்படுத்தவும் லெனோவோ உடன்பட்டது.

அது ஒரு நிறுவனத்தின் தனித்த தவறு என ஒதுக்கிவிட முடியாது. 2015 நவம்பரில் டெல் கணினிகளில் அதே வகையான வேர்ச் சான்றிதழ் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதை அழித்தாலும், கணினியை மீள இயக்கியவுடன் டெல்லின் உதவிச் செயலி அதைத் திரும்பப் பதித்தது. 2016 இல் டுவோ செக்கியூரிட்டி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஏசர், அசூஸ், டெல், எச்பி, லெனோவோ ஆகிய ஐந்து உற்பத்தியாளரின் புதுப்பித்தற் செயலிகளையும் சோதித்து, ஐந்திலும் கணினியைப் பிறர் கைப்பற்றக்கூடிய பாரிய ஓட்டைகளைக் கண்டனர். 2018 இல் அசூஸின் புதுப்பித்தற் செயலி ஊடாகவே, அந்நிறுவனத்தின் மெய்யான கையொப்பத்துடன், தீங்குநிரல் பரப்பப்பட்டது.

அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றிக்கொள்ளலாமே என்பது அடிக்கடி கூறப்படும் பதில். அதற்கான கோப்பு 5 ஜிகாபைற்றுக்கு மேற்பட்டது. ரீலோட் தரவில் அதைப் பெறுவது எளிதன்று. கணினிக்குள்ளேயே உள்ள மீட்புப் பிரிவிலிருந்து ஏற்றினாலோ, உற்பத்தியாளர் அப்பிரிவில் சேமித்துவைத்த அதே திணிப்பு மென்பொருள்கள் திரும்பி வரும். இன்னும் ஆழமான வழியும் உண்டு. கணினி விழித்தெழும்போது முதலில் இயங்கும் நிலைபொருள், அதாவது தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் நிரல், தன்னிடமுள்ள செயலியொன்றை விண்டோஸ் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் அதற்குள் செலுத்த இடமளிக்கும் ஏற்பாட்டை மைக்ரோசொப்ட் விண்டோஸ் 8 உடன் அறிமுகப்படுத்தியது. லெனோவோவின் சில கணினிகள் இவ்வழியைப் பயன்படுத்தி, வன்தட்டு முழுவதையும் அழித்த பின்னரும் தமது செயலியை மீளப் பதித்தமை 2015 இல் வெளியாகி, அந்நிறுவனம் அதனை நீக்க நேர்ந்தது. பாயும் தலையணையும் மாற்றியும் மூட்டைப்பூச்சி சுவரிலிருந்து வந்துசேர்வது போன்றது இது.

முன்கூட்டி மென்பொருள் ஏற்றி விற்பதை அடியோடு தடைசெய்யுமாறு இச்சங்கம் கோரவில்லை. பிரான்சில் சோனி மடிக்கணினி வாங்கிய நுகர்வோர் ஒருவர் தொடுத்த வழக்கில், மென்பொருளுடன் சேர்த்துக் கணினியை விற்பது தன்னளவில் நியாயமற்ற வணிகச் செயல் ஆகாது என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016 செப்டெம்பர் 7 அன்று தீர்ப்பளித்தது. ஆயினும், வாங்குபவர் அது பற்றி விற்பனைக்கு முன்னரே உரியவாறு அறிவிக்கப்பட்டிருப்பதை அந்நீதிமன்றம் முக்கியமாகக் கருதியது. இலங்கையில் இல்லாதது அந்த முன்னறிவிப்புத்தான்.

அதற்குப் புதுச் சட்டம் இயற்றப்படும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு, பொருள்களின் சுட்டுத்துண்டு, பொதியிடல், விற்பனை ஆகியவை குறித்து உற்பத்தியாளருக்கும் வர்த்தகருக்கும் பணிப்பு விடுக்கும் அதிகாரத்தைச் சபைக்கு வழங்குகிறது. 30 ஆம் பிரிவு நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடைசெய்கிறது. 256 ஜிகாபைற் என விளம்பரப்படுத்தி விற்கப்படும் சேமிப்பகத்தின் ஒரு பகுதி வேறு நிறுவனங்களின் செயலிகளால் முன்னரே நிரப்பப்பட்டிருப்பதைச் சொல்லாமல் விடுவது அப்பிரிவுக்கு இயைந்ததா என்பது சபையின் ஆய்வுக்குரியது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய ஏற்பாடுகள் நடைமுறைக்கு வருவது தாமதித்த போதிலும், சம்மதம் என்பது சுயவிருப்புடனும் விடயமறிந்தும் ஐயத்துக்கு இடமின்றியும் தரப்படுவது என்ற அதன் வரைவிலக்கணம் தெளிவானது. முதன்முறை இயக்கும்போது ஆங்கிலத்தில் மட்டும் தோன்றும் நீண்ட உடன்படிக்கையும், முன்னரே சரியிடப்பட்ட பெட்டிகளும் அந்த வரைவிலக்கணத்துக்குள் அடங்க மாட்டா.

ஆகவே, இறக்குமதி செய்யப்படும் ஒவ்வொரு மடிக்கணினி வகைக்கும், அதிலுள்ள திணிப்பு மென்பொருள்களின் பெயர், உரிமையாளர், அவை பிடிக்கும் இடம், இலவசக் காலம் முடியும் நாள், அதன் பின்னரான கட்டணம் ஆகியவற்றைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் குறிப்பிடும் பட்டியல் பெட்டியின் மேலும் விற்பனைக் கூடத்திலும் இருக்க வேண்டுமென 10 ஆம் பிரிவின் கீழ்ப் பணிப்பு விடுக்குமாறு இச்சங்கம் முதலாவதாகக் கோருகிறது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தினால் தமிழ் அரசகரும மொழியாக்கப்பட்ட நாட்டில் இப்பட்டியலைத் தமிழில் கேட்பது சலுகை கோருவதாகாது.

நீக்கம் பற்றிய கோரிக்கையே இம்மனுவின் உயிர்நிலை. நீக்குவது என்றால் சின்னத்தைத் திரையிலிருந்து மறைப்பதன்று. செயலியும், அதன் பின்னணிச் சேவைகளும், அது பதித்த சான்றிதழ்களும், மீட்புப் பிரிவிலும் நிலைபொருளிலும் உள்ள அதன் பிரதிகளும் எஞ்சாது அகல வேண்டும் எனப் பணிப்பிலேயே வரைவிலக்கணம் செய்யப்பட வேண்டும். வாங்குபவர் கேட்டால், கணினியைக் கையளிக்குமுன் கடையிலேயே கட்டணமின்றி அதைச் செய்து கொடுப்பது விற்பனையாளரின் கடமையாக்கப்பட வேண்டும். தாமே நீக்கிக்கொண்டவரின் உத்தரவாதம் அதனால் செல்லாதாகிவிடும் எனக் கூறுவது தடைசெய்யப்பட வேண்டும்.

கல்வித் திணைக்களம் பாடசாலைகளுக்குக் கணினி கொள்வனவு செய்யும்போது விலைமனு நிபந்தனைகளில் திணிப்பு மென்பொருள் இருத்தலாகாது என்ற ஒரு வரியைச் சேர்த்தாலே போதுமானது. 2011 செப்டெம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், கணினியின் மூடியில் முதலமைச்சரின் படத்தைப் பொறிப்பிக்கவே உற்பத்தியாளர் இணங்கினர் என்றால், மொத்தமாக வாங்கும் அரசு உள்ளே இருப்பதையும் தீர்மானிக்கலாம் என்பதில் ஐயமில்லை. அந்த வல்லமையை அரசு தனக்காகப் பயன்படுத்திக்கொள்வதும் ஏற்கத்தக்கதன்று. புதிய கைப்பேசிகள் அனைத்திலும் தனது சஞ்சார் சாத்தி செயலியை ஏற்றுமாறு 2025 நவம்பர் இறுதியில் பணித்த இந்திய அரசு, எதிர்ப்பினால் சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற நேர்ந்தது.

கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் கணினிகள் எந்தப் பணிப்புக்கும் உட்படா. அவற்றை வைத்திருப்போருக்காக, திணிப்பு மென்பொருளை இனங்கண்டு நீக்கும் முறையை விளக்கும் சிறு கைந்நூலொன்றை இலங்கை கணினி அவசர ஆயத்த அணியின் உதவியுடன் தமிழில் தயாரித்து, தீவகப் பாடசாலைகள், நூலகங்கள், கிராம அலுவலர் காரியாலயங்கள் ஊடாக விநியோகிக்க வேண்டும்.

இக்கோரிக்கைகளை ஆராய்வதற்கு, யாழ்ப்பாண மாவட்டக் கணினி விற்பனையாளர்களையும் தீவகத்துப் பயனாளர்களையும் ஒருங்கே அழைத்து ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகத்தில் கலந்துரையாடலொன்றை நடத்துமாறும், சபையின் தீர்மானத்தை எழுத்து மூலம் தமிழில் அறியத்தருமாறும் இச்சங்கம் பணிவுடன் வேண்டிக்கொள்கிறது.

தலைவர், செயலாளர்
புளியங்கூடல்