பாலாற்றுக்கு ஒரு நியாயம், பாகுவுக்கு ஒரு நியாயமா?



விரிஞ்சிபுரத்துக்கு மேற்கே பாலாற்றங்கரை நெடுக டேனரிகள். ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷூவாகி ஐரோப்பாவுக்குப் போகுது. கழிவு மட்டும் நம்ம ஆத்துல தங்கிடுச்சு.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும். டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். இந்தியாவுக்கே வழிகாட்டிய தீர்ப்பு அது!

இதே நியாயத்தை உலகத்துக்கும் வெச்சுப் பாருங்க. நிலக்கரி எரிச்சே பணக்காரங்க ஆன நாடுகள், 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவோம்னு 2009ல் கோபன்ஹேகனில் சொன்னாங்க. அந்தத் தொகையை எட்டியதே 2022ல்தான். அதிலும் கடன்தான் அதிகம். 2024ல் பாகு மாநாட்டில் வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர். அவங்க பொறுப்பேற்றது 30,000 கோடி, அதுவும் 2035க்குள்!

நமக்கென்ன என்கிறீர்களா? டேனரி கழிவுநீரில் உப்பைப் பிரிக்கணும்னா தண்ணியைக் காய்ச்சி ஆவியாக்கணும். அதுக்கு கரண்டும் விறகும் ஏராளமா வேணும். ஆறு சுத்தமாகும், புகை கூடும். ரெண்டையும் சரிசெய்ய சின்ன டேனரிக்காரர் வட்டிக்கு வாங்கினா, அந்தச் சுமை கடைசியில தொழிலாளி கூலியிலதான் விடியும்.

ஆத்தைக் கெடுத்தவங்களுக்கு நாம வக்காலத்து வாங்கல. அந்தப் பாக்கியும் தீரணும். ஆனா வானத்தைக் கெடுத்தவங்களும் கட்டணும். கடனா இல்ல, மானியமா!

பகிருங்கள் தோழர்களே.

#கெடுத்தவரே_கட்டணும் #பாலாறு