பூங்காவுக்கு 35 சென்ட்

தமிழ்நாட்டில் ஒரு வயலோ தோப்போ வீட்டுமனைகளாக மாற இரண்டு ஒப்புதல்கள் வேண்டும். முதலாவது தொழில்நுட்ப ஒப்புதல். சென்னைப் பெருநகரப் பகுதியில் அதைத் தருவது சி.எம்.டி.ஏ. எனப்படும் பெருநகர வளர்ச்சிக் குழுமம்; மற்ற ஊர்களில் டி.டி.சி.பி. என்று மக்கள் சொல்லும் நகர் ஊரமைப்பு இயக்ககம். அதன்பிறகு உள்ளாட்சி அமைப்பு இறுதி ஒப்புதல் தர வேண்டும். இதற்கான அடிப்படைச் சட்டம் 1971-ஆம் ஆண்டினது. வரைபடத்தைத் தீர்மானிக்கும் அலுவலகம் ஓரிடத்தில் இருக்கிறது. அந்த மனைகளில் உருவாகும் நகருக்குக் காலம் முழுவதும் தெருவிளக்கும் குடிநீரும் தர வேண்டிய அலுவலகம் வேறோரிடத்தில் இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் இதுதான்.

சட்டம் வந்த பிறகும் நெடுங்காலம் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பெயரில் மனைகள் விற்கப்பட்டன. ஊராட்சித் தலைவரின் முத்திரை விழுந்த வரைபடமே போதும் என்று வாங்கியவர்கள் நம்பினார்கள். மனைப்பிரிவைத் தானாக அங்கீகரிக்கும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை என்பது விற்றவர்களுக்குத் தெரியாததல்ல. அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகுதான் அந்த வியாபாரம் நின்றது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த, அடுத்த ஆண்டே அரசு விதிகள் கொண்டுவந்தது. விடுபட்ட சாலையையும் பூங்காவையும் எந்தக் கட்டணத்தாலும் மீட்க முடியாது என்பது வேறு விஷயம்.

இப்போதைய பரிசீலனை காகிதத்தில் தொடங்குகிறது. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். நிலம் நஞ்சையாக இருந்தால் வேளாண் துறையின் கருத்து கேட்கப்படும். வாய்க்காலோ ஏரியோ பக்கத்தில் இருந்தால், வெள்ளம் தேங்குமா என்று நீர்வளத் துறை சொல்ல வேண்டும். சென்னையின் 2015 வெள்ளத்துக்குப் பின் இந்தத் தடையின்மைச் சான்றுக்கு எடை கூடியிருக்கிறது. ஆனாலும் கோடையில் தளஆய்வுக்குப் போகும் அதிகாரியின் கண்ணுக்கு ஐப்பசி மாதத் தண்ணீர் தெரியாது. அந்த ஊரில் ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும்; அவரைக் கேட்க விதியில் இடமில்லை.

அடுத்தது சாலை. உள்சாலை நீளமாக நீளமாக அகலமும் கூட வேண்டும் என்பது விதி. மனை விளம்பரங்களில் 23 அடி ரோடு, 30 அடி ரோடு என்று வருவது விற்பவரின் தாராளமல்ல, இந்த விதியின் கட்டாயம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஓ.எஸ்.ஆர். எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீடு. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டர் வரையுள்ள நிலத்துக்கு இது கிடையாது. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை, சாலை போக மிச்சமுள்ள பரப்பில் 10 விழுக்காட்டை விட வேண்டும். அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்டலாம். சுமார் இரண்டரை ஏக்கரான அந்த அளவைத் தாண்டினால் பணம் செல்லாது, நிலமாகவே தர வேண்டும். ஐந்து ஏக்கரில் மனை போடும் ஒருவர் சாலைக்கு 30 விழுக்காடு விடுகிறார் என்று கொண்டால், மிச்சம் மூன்றரை ஏக்கர். பூங்காவுக்கு வருவது 35 சென்ட். சுமார் நூறு மனைகள் உள்ள நகருக்கு அது கஞ்சத்தனமான அளவு அல்ல.

அந்த 35 சென்ட் எங்கே விழுகிறது என்பதில்தான் சூட்சுமம். உயர்அழுத்த மின்கம்பி போகும் ஓரம், மழைநீர் வடியும் பள்ளம், மனையாக வெட்ட முடியாத முக்கோணத் துண்டு: விலைபோகாத இடம் பூங்காவாகிவிடும். பரப்பு சரி, பாதை உண்டு என்றால் விதி நிறைவேறிவிடுகிறது. பரிசீலனையின் உண்மையான சோதனை இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். பல நேரங்களில் அது சதுர மீட்டர் கணக்கோடு முடிந்துவிடுகிறது.

சாலையும் பூங்காவும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்பின் பெயருக்கு எழுதித் தரப்படும். அதன் பிறகே இறுதி ஒப்புதல். இலவசமாக நிலத்தை வாங்குவது சொத்துரிமையைப் பறிப்பதாகாதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023-இல் நீதிமன்றம் ஒதுக்கீட்டு விதியை உறுதிசெய்தது. பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை மருத்துவமனைக்குக்கூடத் திருப்பிவிட முடியாது என்று பெங்களூரு வழக்கொன்றில் 1991-லேயே அது சொல்லியிருந்தது. ஆனாலும் தமிழ்நாட்டின் பல நகர்களில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தில் மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை, பிள்ளையார் கோயில் ஆகியவை வரிசையாக எழுந்திருக்கின்றன.

ஓர் ஊர் முழுமைக்குமான நிலப் பயன்பாட்டை வகுக்கும் முழுமைத் திட்டம் தயாராகும்போது பொதுமக்களிடம் ஆட்சேபணை கேட்கப்படுகிறது. தனி மனைப்பிரிவுக்கு அப்படி எதுவும் இல்லை. இங்கிலாந்தில் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடிதமோ அந்த இடத்தில் அறிவிப்போ போய், கருத்துச் சொல்ல 21 நாள் தரப்படும். பெரிய திட்டங்களைப் பெரும்பாலும் மக்கள் பிரதிநிதிகளின் குழு பகிரங்கக் கூட்டத்தில் முடிவு செய்யும். இங்கே பக்கத்து வயல்காரருக்குத் தகவல் சொல்வது ஜே.சி.பி. எந்திரம்தான்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை விளம்பரம் செய்யும் முன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதை 2016-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கட்டாயமாக்கியது. அது மனை வாங்குபவருக்குப் பாதுகாப்பு. தானமாக வந்த நிலத்துக்கு அப்படியொரு காவல் இல்லை. தானப் பத்திரம் பதிவானாலும், வருவாய்த் துறைக் கணக்கில் பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் கிடப்பது உண்டு. பூங்கா இடம் மறுபடியும் மனையாக விற்கப்பட்டது என்ற வழக்குகளில் பல இந்த இடைவெளியிலிருந்து வருகின்றன. இறுதி ஒப்புதலின் தீர்மானத்தோடு பட்டா மாறுதல் விண்ணப்பத்தையும் உள்ளாட்சி அமைப்பு அனுப்பிவிட்டால், அந்த வழி அடைபட்டுவிடும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.