கரையில் வரும் கடல் மயக்கம்

மன்னார்த் தீவின் வடமேற்கு முனையாகிய தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914ஆம் ஆண்டு முதல் நீராவிக் கப்பல்கள் ஓடின. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேஸ்வரத்திலிருந்து நடந்த சேவையும் 1984இல் நின்றுவிட்டது. கடல் வழி ஏறக்குறைய 22 மைல்தான். ஆயினும், சோளகக் காற்று வீசுங் காலத்தில் கடல் மயக்கம் கொள்வதற்கு அத்தொலைவே போதும்.

நேயர்களே, அதே மயக்கம் கரையில் நாற்காலியில் அமர்ந்திருப்பவரையும் பற்றும் என்றால் வியப்பன்றோ? இன்று மாலுமிகளும் விமானிகளும் மருத்துவ மாணவரும் கண்களை மூடி அணியும் ஒரு கருவியினுள் மெய்நிகர்க் காட்சிகளைக் கண்டு தொழில் பயில்கின்றனர். அவர்களுட் சிலருக்குச் சிறிது நேரத்திலேயே வியர்வையும் குமட்டலும் உண்டாகின்றன.

இதன் காரணம் யாது? நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. தலை திரும்புங்கால் அவற்றிலுள்ள நீர் அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். கப்பலின் அறையில் இருப்பவருக்குச் செவி, "அசைகின்றோம்" என்கிறது. கண்ணோ, "அசையவில்லை" என்கிறது. மெய்நிகர்க் காட்சியில் இது தலைகீழாகிறது. இவ்விரண்டின் பிணக்கே குமட்டலாகின்றது. உட்செவி முற்றும் செயலற்றவர்களுக்குக் கொந்தளிக்கும் கடலிலும் மயக்கம் வருவதில்லை என்று ஆய்வாளர் கண்டுள்ளனர்.

இம்மயக்கம் கொண்டவர் மனவலிமை அற்றவர் என்று எண்ணுதல் தவறு. 1957இல் அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகொப்டர்ப் பயிற்சிப் பொறியை ஆராய்ந்தபோது, புதிய மாணவரினும் அனுபவம் மிக்க விமானிகளே அதிகம் வருந்தினர். உண்மையான பறத்தலில் உடல் உணரும் அசைவு அங்கே இல்லாமையை அவர்களுடைய உடல் நன்கு அறிந்திருந்தது போலும்!

இதனைக் குறைக்க வழிகள் பல உள. தலை திரும்பியதும் காட்சியும் உடனே திரும்ப வேண்டும். தாமதம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் 20 பங்கைத் தாண்டலாகாது. காட்சி ஒரு விநாடிக்கு 90 முறை புதுப்பிக்கப்படுவது நன்று. நகரும் வேளையில் காட்சியின் விளிம்பை மெல்லக் குறுக்கினால் மயக்கம் தணியும் என்பதைக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் 2016இல் காட்டினர். படகில் சுக்கான் பிடிப்பவன் பிரயாணியைப் போல வருந்துவதில்லை. அவ்வாறே, காட்சியைப் பிறர் நடத்தப் பார்த்திருப்பதினும் தாமே நடத்துவது நலம்.

மாலுமித் தொழிலை நாடும் பேசாலை, தலைமன்னார் இளைஞர்களே, முதல் நாள் சில நிமிடங்களே பயிலுங்கள். பின்னர் நாள்தோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுங்கள். நெற்றியில் வியர்வை அரும்பியதும் கருவியைக் கழற்றிவிடுங்கள். பல்லைக் கடித்துப் பொறுப்பது நோயை வளர்க்குமேயன்றித் தொழிலைக் கற்பிக்காது. தலை தெளியும்வரை மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள். பயிற்றுவிக்கும் ஆசிரியர்களும், இடையில் எழுந்து செல்லும் மாணவனைக் கோழையென இகழாதிருப்பார்களாக. ஓய்ந்து மீண்டும் வருபவனே தேர்ந்த மாலுமியாவான்.