எண்ணிக்கை தகுதியாகுமா?

பேராக் மாநிலத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளிக்கு நிறுவை என்பது புதுமையன்று. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, தன் நிரையிலுள்ள மரங்களைச் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்தபின் அவன் போய் நின்ற இடம் பால் நிறுக்கும் கொட்டகை. அங்கே கிராணி வாளியின் எடையை மட்டும் பார்த்துக் கணக்கு எழுதிவிடவில்லை. மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு என்று பார்த்தார். மேலும் திட்டமாக அறிய வேண்டுமாயின், சிறிதளவு பாலை எடுத்து, அமிலமிட்டு உறையவைத்து, உலர்த்தி, எஞ்சிய ரப்பரை நிறுத்தறிவதே வழி. நூறு பங்கு பாலில் ஏறத்தாழ 30 முதல் 40 பங்கு வரையே ரப்பர். மற்றதில் பெரும்பகுதி நீர். தோட்டத்துக் கூலிக் கணக்கில் அநீதிகள் பல இருந்தன என்பதை மறுப்பார் இல்லை. ஆயினும் வாளியின் எடை வேறு, ரப்பரின் எடை வேறு என்னும் தெளிவு அந்தக் கொட்டகையில் இருந்தது.

இன்று சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, கம்பார் வட்டாரங்களில் அன்றைய பால்மரக் காடுகள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்துவிட்டன. லயங்களில் பிறந்தோரின் மக்களும் பேரப் பிள்ளைகளும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் பணியாற்றுகின்றனர். வேதியியல் அவர்கள் நாடிச் சென்ற துறைகளுள் ஒன்று. ஆனால் அவர்களுடைய உழைப்பை நிறுக்கும் முறையோ அந்தப் பழைய கொட்டகையின் முறையினும் தாழ்ந்துவிட்டது. இங்கே வாளியின் எடையே ரப்பரின் எடையாகக் கொள்ளப்படுகிறது.

அந்த நிறுவை எத்தகையது? ஓர் ஆய்வாளர் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டார் என்பது முதற் கணக்கு. அக்கட்டுரைகளைப் பிறர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை மேற்கோளாகக் குறித்தனர் என்பது இரண்டாவது. கட்டுரை வெளிவந்த இதழின் 'தாக்கக் காரணி' மூன்றாவது. முந்தைய ஈராண்டுகளில் ஓர் இதழில் வந்த கட்டுரைகள் ஓராண்டில் சராசரியாக எத்தனை மேற்கோள்களைப் பெற்றன என்பதே தாக்கக் காரணி. நான்காவது 'எச் குறியீடு'. ஒருவருடைய கட்டுரைகளுள் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 மேற்கோள்களைப் பெற்று, 21 கட்டுரைகளுக்கு அவ்வாறு அமையாவிடின் அவருடைய குறியீடு 20. ஒரு மனிதரின் முப்பதாண்டு உழைப்பு ஈரிலக்க எண்ணாகச் சுருங்கிவிடுகிறது! அந்த எண்ணைக் கொண்டு வேலை தருகின்றனர், பதவி உயர்வு தருகின்றனர், மறுக்கவும் செய்கின்றனர்.

இக்கருவிகளை ஆக்கியோர் இதற்காகவா ஆக்கினர்? மேற்கோள் அட்டவணையைத் தோற்றுவித்த யூஜின் கார்ஃபீல்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றவர். 1955இல் அவர் முன்மொழிந்து, 1964இல் வெளிவந்த 'அறிவியல் மேற்கோள் அட்டவணை' ஆய்வாளர் தமக்கு வேண்டிய கட்டுரையைத் தேடிக் கண்டடைவதற்கான கருவி. நூலகத்துப் பட்டியல் போன்றது அது. தாக்கக் காரணியைக் கொண்டு தனியொருவரை அளக்கலாகாது என்று அவரே பன்முறை எச்சரித்தார். எச் குறியீட்டை 2005இல் வகுத்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ், அது எண்ணியிராத தீய விளைவுகளைத் தரக்கூடும் என்று 2020இல் எழுதினார். செய்தவர்களே அஞ்சும் கருவியைப் பதவி உயர்வுக் குழுக்கள் அஞ்சாமல் ஏந்தி நிற்பது விந்தையே.

மேற்கோளின் எண்ணிக்கை எதைக் காட்டுகிறது? உலகில் மிகுதியாக மேற்கோள் பெற்ற ஆய்வுக் கட்டுரை, ஆலிவர் லௌரியும் உடன் உழைத்தோரும் 1951இல் வெளியிட்டது. ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு என்று அளக்கும் முறையைக் கூறும் அது 3,00,000க்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றது. அது சிறந்த கட்டுரையன்று என்று லௌரியே ஒப்புக்கொண்டார். புரதத்தை அளக்க வேண்டியவர் பலராதலின் அதைக் குறித்தவரும் பலராயினர். மறுபுறம், 2002இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்ற ஜப்பானியர் கொய்ச்சி தனாக்கா முனைவர் பட்டம் பெறாதவர். கியோத்தோவிலுள்ள கருவித் தொழில் நிறுவனமொன்றின் பொறியாளர். பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் லேசர் ஒளியால் அயனியாக்கி நிறுக்கும் வழியைக் கண்டவர் அவர். பரிசுக் குழுவினர் அவருடைய பணியைப் படித்தனர்; யார் முதலில் செய்தார் என்று ஆராய்ந்தனர். மேற்கோள்களை எண்ணியிருந்தால் அவரை அவர்கள் கண்டிருக்கவே மாட்டார்கள்.

இத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டா. இந்நாட்டின் ரப்பர் வரலாறே சான்று பகரும். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளோடு பேராக்கில் தொடங்கிய பயிர் அது. அப்பயிரின் வேதியியலை உயர்த்தியவருள் தலையாயவர் டான்ஸ்ரீ பி. சி. சேகர். இந்திய வம்சாவளியினரான அவர் 1929இல் சிலாங்கூர் ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தார், 1966இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் ஆசிய இயக்குநரானார், 1973இல் மக்சேசே விருது பெற்றார், 2006இல் மறைந்தார். அதுவரை ரப்பர்த் தாள்களைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்து வந்தனர். 1965இல் நடைமுறைக்கு வந்த தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர்த் திட்டம் அந்நிலையை மாற்றிற்று. ரப்பரில் அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, நைதரசன் எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து தரம் கூறும் முறை வந்தது. செயற்கை ரப்பரின் போட்டியில் இயற்கை ரப்பர் தாழ்ந்துபோகாமல் நின்றதற்கு அத்திட்டமும் ஒரு காரணம். சேகர் கட்டுரைகளும் எழுதியவர்தாம். ஆயினும் அவருடைய பெருமையை மேற்கோள் பட்டியலில் தேடுவோர் உண்டா?

"அளவுகோல் கூடாது என்போர் சேகரின் அளவுகோலைப் போற்றுவது முரணன்றோ?" என்று வினவலாம். முரண் இல்லை. சேகரின் திட்டம் ரப்பரை அளந்தது. ரப்பரைப் பற்றி ஊரார் எத்தனை முறை பேசினர் என்று அளக்கவில்லை. அளப்பது பிழையன்று. ஒன்றை அளந்துவிட்டு மற்றொன்றை அளந்ததாகச் சொல்வதே பிழை.

இப்பிழையோடு தீங்கு நிற்பதில்லை. எதற்குக் கூலியோ அதுவே பெருகும். பால் மிகுதியாக வேண்டும் என்று மரத்தை ஆழமாகச் சீவுபவன் மரத்தில் காயம் போடுகிறான். ஓய்வின்றிச் சீவினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடுகிறது. ஆய்வுலகிலும் அதுவே நிகழ்கிறது. ஒரு முழு ஆய்வை நான்காக அறுத்து நான்கு கட்டுரைகளாக்குகின்றனர். ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொள்ளும் கூட்டுகள் தோன்றுகின்றன. 2008இல் திருப்பதியில் வேதியியல் பேராசிரியர் ஒருவருடைய எழுபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் களவும் புனைவும் கலந்தவை என்னும் செய்தி உலகெங்கும் பரவியது. 2023இல் ஸ்பெயின் நாட்டுக் கோர்டோபா பல்கலைக்கழகம் தன் வேதியியலாளர் ஒருவரைப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு ஊதியமின்றி விலக்கி வைத்தது. அங்கே முழுநேரப் பணியில் இருந்துகொண்டே சவூதி அரேபியா முதலிய வெளிநாட்டு நிறுவனங்களின் பெயரிலும் அவர் ஆய்வு வெளியிட்டார் என்பது குற்றச்சாட்டு. உலகில் மிகுதியாக மேற்கோள் பெறுவோர் பட்டியலில் இருந்தவர் அவர். அவ்வாண்டின் தொடக்க மாதங்களில் ஏறத்தாழ 37 மணி நேரத்திற்கு ஒரு கட்டுரை வீதம் வெளியிட்டிருந்தார். ஒரு வினையை நிகழ்த்தி, விளைபொருளைத் தூய்மைப்படுத்தி, மீண்டும் செய்து சரிபார்க்கவே வாரங்கள் ஆகும் துறையில் 37 மணி நேரம் எதற்குப் போதும்? தோட்டத்துக் கிராணி நீர் கலந்த பாலை மெட்ரோலாக்கிட்டுக் கண்டுபிடித்தார். பல்கலைக்கழகப் பட்டியலுக்கு அந்தக் கருவியும் இல்லை.

எண்கள் பொய்க்கும் விதத்தை மலேசிய இந்தியர் தம் மேனியிலேயே பட்டறிந்தவர். 2004இல் பிரிட்டனின் டைம்ஸ் உயர்கல்வி இதழ் வெளியிட்ட உலகத் தரவரிசையில் மலாயாப் பல்கலைக்கழகம் 89ஆம் இடம் பெற்றது, பெருமிதம் பொங்கியது. மறு ஆண்டே அது 169ஆம் இடத்திற்கு இறங்கியது. ஓராண்டில் அதன் ஆய்வுக்கூடங்கள் பாழடைந்துவிடவில்லை. முதலாண்டில் சீன, இந்திய வம்சாவளி மலேசியர்கள் வெளிநாட்டினராக எண்ணப்பட்டிருந்தனர். அப்பிழை திருத்தப்பட்டது இறக்கத்திற்கு முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது. இந்த மண்ணில் பிறந்தவரை அயலார் என்று எண்ணியதால் உயர்ந்த எண் அது! அந்த எண்ணுக்காக மகிழ்ந்தோர் உண்டு. எண்ணுக்குள் இருந்த மனிதரைப் பார்த்தோர் எத்துணைப் பேர்?

எதிர்த்தரப்பாரிடம் வலுவான வாதம் ஒன்றுண்டு. அதை ஒதுக்கிவிட்டுச் செல்வது நேர்மையாகாது. "எண்ணுக்கு இனமில்லை, சாதியில்லை, பரிந்துரை தேவையில்லை. மேலிடத்தில் ஆளில்லாத தோட்டத்துப் பிள்ளை, 'என் கட்டுரைகள் இத்தனை, மேற்கோள்கள் இத்தனை' என்று நிமிர்ந்து கேட்க முடிகிறதே! எண்ணை எடுத்துவிட்டால் எஞ்சுவது அதிகாரியின் விருப்பு வெறுப்புத்தானே?" இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. சிறுபான்மையினர் எண்ணைக் கேடயமாகப் பற்றிக்கொள்வது காரணமற்றதன்று.

ஆனால் அந்த எண்ணும் நடுநிலையானதா என்று பார்க்க வேண்டும். பெரிய ஆய்வுக்குழுவில் இடம் பெற்றவருக்குக் கட்டுரைகளில் பெயர் சேர்கிறது. நிதி பெற்றவருக்குக் கருவி வருகிறது. கருவி வந்தவருக்குக் கட்டுரை வருகிறது. கட்டுரை வந்தவருக்கு மீண்டும் நிதி வருகிறது. பெயர் பெற்ற இதழ்கள் பலவற்றில் கட்டுரை எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டுமாயின் எழுதியவரே பெருந்தொகை கட்ட வேண்டியுள்ளது. ஆகவே முன் வாயிலில் துரத்தப்பட்ட பரிந்துரை பின் வாயில் வழியே எண்ணுடை உடுத்து வருகிறது. விருப்பு வெறுப்பிற்கு மருந்து எண்ணன்று. எழுத்தில் தரப்படும் காரணமே மருந்து. ஆய்வாளர் தம் சிறந்த கட்டுரைகள் ஐந்தைத் தாமே தெரிந்து தரட்டும். துறையறிந்தோர், வெளிநாட்டாரும் உட்பட, அவற்றைப் படிக்கட்டும். படித்து, கண்ட நிறையையும் குறையையும் எழுதிக் கையொப்பமிடட்டும். மறுக்கப்பட்டவருக்கு அக்காரணங்கள் காட்டப்படட்டும். எண் சாட்சிக் கூண்டில் நிற்கலாம். நீதிபதியின் இருக்கையில் அமரலாகாது. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞர்களும் இதழாசிரியர்களும் உருவாக்கிய சாற்றுரை, இதழின் தாக்கக் காரணியால் தனி ஆய்வாளரை அளக்கலாகாது என்றது. 2015இல் வெளிவந்த லெய்டன் அறிக்கை உள்ளூர்த் தேவைக்கான ஆய்வைக் காக்க வேண்டும் என்றது.

உள்ளூர்த் தேவை என்னும் சொல்லை ஈப்போ வட்டாரத்தார் எளிதில் மறக்கவொண்ணாது. 1982இல் ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் அரிய மண் தனிமங்களைப் பிரிக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. ஈயச் சுரங்கக் கழிவிலிருந்து கிடைத்த மோனசைட்டு அதன் மூலப்பொருள். தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு அதன் எச்சம். 1985இல் ஊர்மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993இல் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளியது. ஆயினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. அவ்வழக்கில் மக்களுக்கு வேண்டியிருந்தது மண்ணையும் காற்றையும் நேர்மையாக அளந்து, மன்றத்தில் நின்று சொல்லும் அறிஞர்தாம். தம் எச் குறியீட்டைப் பெருக்குவதிலேயே கருத்தாயிருப்பவர் ஓர் ஊரின் கிணற்றுக்காக ஈராண்டைச் செலவிடுவாரா? செலவிடுபவருக்குப் பதவி உயர்வு மறுக்கப்படுமாயின், அடுத்த ஊருக்காக யார் வருவார்?

இது வேதியியலார் சிக்கல் என்று தமிழாசிரியர்கள் வாளாவிருத்தலும் தகாது. தமிழாய்விதழ்களுள் பெரும்பாலானவை அவ்வுலகப் பட்டியல்களில் இடம்பெறாதவை. தமிழில் எழுதினால் கணக்கில் ஏறாது என்னும் நிலை வந்தால், தமிழாய்வாளர் தமிழிலேயே எழுதுவதை விட்டுவிடுவர். அதற்கும் முன்னரே அந்த நோய் பள்ளிக்குள் புகுந்திருந்தது. யூபிஎஸ்ஆர் தேர்வு இருந்த நாளில் ஏழு ஏ, எட்டு ஏ என்று எண்ணியே பள்ளியும் பிள்ளையும் மதிக்கப்படவில்லையா? அறிவியல் பாடத்தில் சோதனையைச் செய்து பார்க்காமலே சோதனை வினாவுக்கு விடை எழுதப் பிள்ளைகள் பழகவில்லையா? 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. எண்ணும் வேட்கை நீங்கவில்லை. இன்று 'உலகின் தலைசிறந்த 2 விழுக்காட்டு விஞ்ஞானி' என்று மாலை சூட்டி விழா எடுக்கிறது தமிழ்ச் சமுதாயம். அப்பட்டியல் மேற்கோள் கணக்கால் ஆனது என்று அறிந்தோர் சிலர். விழா நாயகர் எதைக் கண்டறிந்தார் என்று கேட்போர் அவரினும் சிலர். அவரைப் பாராட்டுவது தவறன்று. அவர் செய்ததைக் கேட்டறியாமல் பாராட்டுவதே அவருக்கு இழைக்கும் குறை.

ஆதலின் மாற்றம் பல்கலைக்கழக மன்றங்களில் மட்டும் தொடங்க வேண்டியதில்லை. ஒரு மாணவன் சோதனைக் குழாயோடு வந்து நிற்கும்போது, "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்குமுன், "என்ன கண்டாய்? எப்படி அறிந்தாய்? மீண்டும் செய்து பார்த்தாயா?" என்று கேட்கும் ஆசிரியர் இந்நோய்க்கு முதல் மருத்துவராவார். பட்டப் படிப்பு மாணவர்களும் தம் பேராசிரியரின் எண்ணை அறியுமுன் அவருடைய கட்டுரை ஒன்றையேனும் படித்தறிதல் வேண்டும்.

மரத்தடியில் குனிந்து நின்ற தலைமுறை, தன் உழைப்பை வாளியோடு நிறுத்து முடித்துவிடக் கூடாது என்று அறிந்திருந்தது. பாலைச் சோதித்து ரப்பரை அறிந்த அந்தக் கொட்டகை அறிவேனும் பல்கலைக்கழகங்களுக்கு வர வேண்டாமா? ஆய்வின் தரத்தை அறிய வழி ஒன்றே: அதைப் படிக்க வேண்டும். படிக்க மறுப்பவருக்கு மதிப்பிடும் உரிமை இல்லை.